வரட்டி மிதித்த சிறுமி

நியூசிலாந்தின் வெலிங்டனில் நான் வேலை பார்த்த காலத்தில், பக்கத்து வீட்டில் எண்பது வயதை நெருங்கிய போலந்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒரு மாலை, சின்ன வயதில் வரட்டி தட்டியதைப் பற்றிப் பேச, அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். கால் மாற்றி மாற்றித் தரையை மிதித்துக் காட்டினார். “சாணத்தில் வைக்கோலைப் போட்டு இப்படி மிதிப்போம். அச்சில் அடைத்துச் செங்கல் மாதிரி வெயிலில் காயவைப்போம். கிசியாக் என்று பெயர்.”

கசாக்ஸ்தான் புல்வெளியில் விறகுக்கு மரம் ஏது? குளிர்காலத்துக்கு அதுதான் துணை. “உள்ளே ஈரம் இருந்தால் புகையுமே, கேள்” என்றார் அம்மா. கேட்டேன். அவர் கண்களைக் கசக்கிக் காட்டினார்.

அங்கே போன கதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய அப்பா காவல்துறைக்காரர். 1939 செப்டம்பரில் சோவியத் படை கிழக்குப் போலந்துக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டுபோய் ஓஸ்டாஷ்கோவ் முகாமில் அடைத்தார்கள். அப்படி அடைபட்டவர்களின் வீட்டு முகவரிகளைத் திரட்டிப் பட்டியல் போட்டார்கள். 1940 ஏப்ரல் 13 அன்று, அந்தக் குடும்பங்களைச் சரக்கு ரயில்களில் ஏற்றத் தொடங்கினார்கள். சுமார் 60,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கடிதம் வரட்டும் என்று கைதி சொன்ன முகவரி, பிள்ளைகளைப் பிடிக்கப் பயன்பட்டிருக்கிறது. நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இவருக்கு அப்போது ஏழு வயது.

1941-இல் ஹிட்லர் சோவியத்தைத் தாக்கிய பிறகுதான் போலந்துக்காரர்களை விடுவித்தார்கள். தெற்கே உஸ்பெகிஸ்தானுக்குப் போன இடத்தில் டைபஸ் காய்ச்சலில் இவருடைய அம்மா இறந்துவிட்டார். 1942-இல் அனாதைக் குழந்தைகளோடு காஸ்பியன் கடலைத் தாண்டி ஈரானின் பஹ்லவி துறைமுகம். அங்கே தலையை மழித்து, பேன் பிடித்த துணிகளை எரித்தார்கள். பிறகு இஸ்பஹான். 1944 நவம்பர் 1 அன்று வெலிங்டனில் இறங்கிய 733 போலந்துக் குழந்தைகளில் இவரும் ஒருவர். போர் முடிந்ததும் அனுப்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் இவரது ஊரே சோவியத் எல்லைக்குள் போய்விட்டது.

ஓஸ்டாஷ்கோவ் கைதிகளில் 6,000 பேருக்கு மேல் 1940 ஏப்ரல், மே மாதங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தாங்கள்தான் செய்தோம் என்று சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரல் 13 அன்று. இவரை ரயிலேற்றிய அதே தேதி, சரியாக 50 ஆண்டுகள் கழித்து. அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1940 கோடையில் அப்பாவுக்கு முகாம் முகவரியில் ஒரு கடிதம் எழுதினாராம்: கிசியாக் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டேன், பெரியவர்களுக்குச் சமமாக மிதிக்கிறேன் என்று. கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.