அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி: பார்மசியிலயோ, டொக்டரிட்டயோ?

பனித்துளி:
அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு. போன ஒக்டோபர் இங்க கனடாவில, ஸ்காபரோவில வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பார்மசிக்குக் கூட்டிக்கொண்டு போனன். விற்றமின் குளிசை அடுக்கின தட்டுக்குப் பக்கத்தில ஒரு கதிரை, அவ்வளவுதான். மருந்து எடுக்க நிண்ட ஆக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, ஜக்கெற்றைக் கழட்டி, சீலையை விலக்கி, பிளவுஸ் கையை இழுத்து ஏத்தவேண்டியதாப் போச்சு. கை இறுக்கம், ஏறேல்லை. தோளால இறக்கச் சொல்லிப்போட்டினம். அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. வீட்டை வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவா. இந்த வருஷம் "எனக்கு ஊசியே வேண்டாம் பிள்ளை" எண்டுறா. குடும்ப டொக்டரிட்டக் கேட்டால் நவம்பர் கடைசியிலதான் நாள் இருக்காம். என்ன செய்யலாம்?

மல்வேன்_அண்ணை:
தங்கச்சி, அம்மா சொல்லுறதைக் கேளுங்கோ. நான் 2014ல போட்டனான், அந்த மாரியிலதான் ரெண்டு கிழமை படுக்கையில கிடந்தனான். வேலைக்குப் போகாத காசு வேற. அதுக்குப் பிறகு போடேல்லை, பெரிசா ஒரு வருத்தமும் வரேல்லை. கொத்தமல்லித் தண்ணி, இஞ்சி, ரசம், நல்ல நித்திரை. எங்கட அப்பு 90 வயது மட்டும் இருந்தவர், ஒரு ஊசியும் கண்டதில்லை.

நேர்ஸ்_வேலை:
அண்ணை, 2014 மாரியில உங்களுக்கு நடந்தது உண்மைதான், நான் மறுக்கேல்லை. அந்த வருஷம் எச்3என்2 எண்ட ஃப்ளூ கிருமி வகை மாறிப்போச்சு, ஊசி சரியாப் பொருந்தேல்லை. வட பகுதி நாடுகளுக்கு எந்த வகையளைப் போடுறது எண்டு உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியில சொல்லவேணும். மாரி வரேக்கை கிருமி வேற உருவம் எடுத்திருக்கலாம். பொருந்தின வருஷங்களிலயும் பாதுகாப்பு 40இல இருந்து 60 வீதம்தான். ஆனால் ஊசியால காய்ச்சல் வந்தது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அதுக்குள்ள இருக்கிறது செத்த கிருமியின்ர துண்டுகள். கை நோகும், ஒரு நாள் உடம்பு உளையும். ஊசி வேலை செய்யத் தொடங்க ரெண்டு கிழமை வேணும், அதுக்கிடையில தொத்தினால் வரத்தான் செய்யும்.

நான் முதியோர் இல்லத்தில வேலை. எங்கட ஆக்கள் தடிமனையும் ஃப்ளூவையும் ஒண்டாப் பாக்கினம். 2018ல இந்த ஒன்ராறியோவிலயே செய்த ஆய்வு வந்தது. ஃப்ளூ எண்டு பரிசோதனையில உறுதியான ஆக்களுக்கு, முதல் 7 நாளில ஹார்ட் அட்டாக் வாற ஆபத்து மற்ற நாளையளை விட ஆறு மடங்கு. சீனியும் பிரஷரும் உள்ள 71 வயது அம்மாவுக்கு ரசம் குடுங்கோ, ஊசியையும் போடுங்கோ.

குணம்:
நான் ஊசிக்கு எதிர் இல்லை, வருஷா வருஷம் போடுறனான். பார்மசிக்குத்தான் எதிர். அங்க ஒரு ஆள் ஃபோனில டொக்டரோட கதைக்கிறார், குளிசை எண்ணுறார், வரிசையைப் பாக்கிறார், இடையில வந்து ஊசி போடுறார். அம்மாவுக்கு இங்கிலீசு விளங்காட்டி படிவத்தில எங்க கையெழுத்து எண்டு காட்டுறதோட சரி. போன வருஷம் என்ர டொக்டர் "ஊசி போட்டாச்சோ?" எண்டு என்னைக் கேக்கிறார். அவற்ர கோப்பில பதிவே இல்லை! டொக்டரிட்ட ஒரு அறை, ஒரு கதவு, 20 வருஷமா அம்மாவைத் தெரிஞ்ச ஒரு மனிசன்.

மருந்துக்கடை_மகள்:
நான் மார்க்கம் நகரத்தில பார்மசிஸ்ட். பனித்துளி அக்கா, அந்தக் கதிரைக் கதையை வாசிச்சு மனம் நொந்துபோனன். அது பிழை. அதுக்கு நான் வக்காலத்து வாங்கேல்லை.

குணம் அண்ணைக்கு: ஒன்ராறியோவில 2000ஆம் ஆண்டில இருந்து ஃப்ளூ ஊசி எல்லாருக்கும் இலவசம். 2012ல பார்மசியளுக்கும் அனுமதி குடுத்தது, டொக்டரிட்ட நாள் கிடைக்காத ஆக்களுக்காகத்தான். நாங்கள் ஊசி போடத் தனிப் பயிற்சி எடுத்தனாங்கள். போட்டபிறகு 15 நிமிஷம் இருங்கோ எண்டு சொல்லுறது, பெரிய ஒவ்வாமை வந்தால் உடன எபினெஃப்ரின் எண்ட அவசர மருந்து குடுக்கிறதுக்காக. அப்பிடி வாறது பத்து லட்சம் ஊசியில ஒண்டு சொச்சம். அம்மாவின்ர குளிசை எல்லாம் எங்கட கணினியில இருக்கு. இரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து எடுத்தால் ஊசி போட்ட இடத்தைக் கூட நேரம் அமத்திப் பிடிக்கவேணும், அது எங்களுக்குத் தெரியும். பதிவு விஷயத்தில நீங்கள் சொல்லுறது சரி. நாங்கள் தாற துண்டைப் படமெடுத்து டொக்டருக்குக் காட்டுங்கோ.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை: 65க்கு மேல எண்டால் கூடின அளவு ஊசி இருக்கோ எண்டு கேளுங்கோ. சாதாரண ஊசியை விட நாலு மடங்கு மருந்து. 2014ல வந்த பெரிய ஆய்வில, வயசான ஆக்களுக்குச் சாதாரண ஊசியை விட 24 வீதம் கூடப் பாதுகாத்தது. அதுவும் இலவசம்தான், ஆனால் கெதியா முடிஞ்சுபோகும். ஃபோன் அடிச்சுப்போட்டுப் போங்கோ. செவ்வாய், புதன் காலமை சனம் குறைவு. தனி அறை வேணும் எண்டு முன்னமே கேளுங்கோ.

குணம்:
"கேளுங்கோ, கேளுங்கோ" எண்டுறியள். 71 வயது மனிசி ஏன் கேக்கவேணும்? கதவு தானா இருக்கவேணும். யாழ்ப்பாணத்தில ஆஸ்பத்திரியில எவ்வளவு சனம் எண்டாலும் ஒரு திரைச்சீலையாவது இழுத்துவிடுவினம்.

மருந்துக்கடை_மகள்:
உண்மை அண்ணை. இதில நான் உங்களோட வாதாட ஏலாது. தனிமை குடுக்கிறது எங்கட கடமை.

மல்வேன்_அண்ணை:
பார்மசிக்கும் இதில காசு வருதுதானே, அதையும் சொல்லுங்கோ.

மருந்துக்கடை_மகள்:
வருது அண்ணை. தொடங்கேக்கை ஒரு ஊசிக்கு அரசாங்கம் 7 டாலர் 50 சதம் தந்தது. டொக்டருக்கும் ஓகிப், அதுதான் ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி, காசு குடுக்குது.

மல்வேன்_அண்ணை:
சரி. எனக்கு 48. நான் போடுறதா இல்லை. ஆனால் அந்த ஹார்ட் அட்டாக் கதை தெரியாது. மாமியாருக்கு இதயக் குழாயில ஸ்டென்ற் வைச்சிருக்கு. அவவிட்டக் கதைக்கிறன்.

நேர்ஸ்_வேலை:
கட்டாயம் கதையுங்கோ அண்ணை. அவவோட ஒரே வீட்டில இருக்கிறியள் எண்டால் உங்களுக்கும் போடச்சொல்லித்தான் நான் சொல்லுவன். அவவுக்குத் தொத்துறது பள்ளிக்கூடப் பிள்ளையளாலயும் வேலைக்குப் போற உங்களாலயும்தான்.

பனித்துளி:
எல்லாருக்கும் நன்றி. நவம்பர் கடைசி மட்டும் காத்திருக்கப் பயமாக் கிடக்கு, அதுக்குப் பிறகும் ரெண்டு கிழமை வேணுமே. இண்டைக்கு மூண்டு பார்மசிக்கு அடிச்சன். ஒண்டில அறை இல்லை. ஒண்டில கூடின அளவு ஊசி முடிஞ்சுது. மூண்டாவதில ரெண்டும் இருக்கு, தமிழ் கதைக்கிற பிள்ளையும் நிக்கிறாவாம். வாற செவ்வாய் காலமை பத்தரைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்.

அம்மா கனநேரம் யோசிச்சுப்போட்டு ஒரு கேள்விதான் கேட்டவா: "அந்தக் கதவு பூட்டலாமோ?" திரும்ப அடிச்சுக் கேட்டன். பூட்டலாமாம். கை தொளதொளத்த பிளவுஸை இப்பவே எடுத்துக் கொடியில போட்டிருக்கிறா.