மில்க்வெட்ச் செடியால்தான் பாலிசேட்ஸ் எரிந்ததா?

வேலிப்பருத்தி: பிரான்டன் மில்க்வெட்ச் என்ற செடிக்காக மின்கம்பம் மாற்றும் வேலையை நிறுத்தினார்களாம், அதனால்தான் 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்ததாம். கம்பிக்காரன் வேறோர் இழையில் இப்படி எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. ஜனவரி 1 அன்று ஒருவர் வைத்த தீ மண்ணுக்கடியில் கனன்றுகிடந்து, 7-ஆம் தேதிக் காற்றில் மீண்டும் கிளம்பியது என்பதுதான் அரசுத் தரப்பு வழக்கு. இதில் மின்கம்பம் எங்கே வந்தது?

கம்பிக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். 183 செடிகளை அழித்ததாக லாஸ் ஏஞ்சலிஸ் நகர மின்துறைக்கு 19 லட்சம் டாலர் அபராதம். மரக்கம்பத்தை எடுத்துவிட்டு எஃகுக் கம்பம் நடப் போனதே தீயைத் தடுக்கத்தான். செடி ஒன்றுக்குப் பத்தாயிரம் டாலரா?

வேலிப்பருத்தி: அது செடிக்குப் போட்ட விலை அல்ல. 2019-இல் டொபாங்கா மாநிலப் பூங்காவுக்குள் கலிபோர்னியா கடலோர ஆணையத்தின் அனுமதி இல்லாமல் புல்டோசர் விட்டுப் பாதை வெட்டியதற்கான அபராதம். 1997 முதல் அமெரிக்க மத்திய அரசின் அழியும் இனப் பட்டியலில் இருக்கும் செடி. மார்பளவு வளரும், இலையெல்லாம் வெண்ணிறப் பூமயிர், மங்கிய ஊதாப் பூக்கள். பார்த்தவன் அதன்மேல் புல்டோசர் ஏற்றமாட்டான்.

கம்பிக்காரன்: 183 செடிகள். தீ பட்டால் முளைக்கும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? விதை மண்ணில் கிடக்கிறது. கிளறினாலும் முளைக்கும்.

வேலிப்பருத்தி: முளைத்தால் போதுமா? இந்தச் செடியின் ஆயுளே சில ஆண்டுகள்தான். அதற்குள் காய்த்து விதை உதிர்த்தால்தான் மண்ணில் இருப்பு சேரும். கெட்டித் தோல் விதை பல பத்தாண்டுகள் காத்திருந்து அடுத்த தீயில் முளைக்கும். காய்க்கும் செடியைப் பிடுங்கினால் இருப்பு எப்படிச் சேரும்? சப்பரல் புதர்க்காட்டில் தீ அடிக்கடி வந்தாலும் இதே கதிதான். இளஞ்செடி விதை போடும் முன்பே கருகிவிடும். மலையடிவாரமெங்கும் வீடு கட்டியதில் இடமும் சுருங்கிவிட்டது.

அகிலன்: கலிபோர்னியா மாநிலச் சட்டத்தின் அழியும் இனப் பட்டியலில் இது இல்லையே?

வேலிப்பருத்தி: மத்தியப் பட்டியலில் இருப்பது போதாதா? படிக்காமல் எழுத வராதீர்கள்.

அகிலன்: யூகலிப்டஸ் இழையிலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். கேள்வி கேட்டால் படிக்காதவனா?

வேலிப்பருத்தி: அந்த இழையில் யார் முதலில் வாய் நீட்டியது என்று எல்லோருக்கும் தெரியும்.

கம்பிக்காரன்: உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 183 செடிகள், 19 லட்சம் டாலர். அந்தப் பணம் மக்கள் கட்டிய மின்கட்டணம்.

வேலிப்பருத்தி: அனுமதி வாங்கியிருந்தால் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் 183-ஐ விட்டு நகரமாட்டீர்கள்.

கம்பிக்காரன்: நகரமாட்டேன்.