புதுப்பிப்பு: அப்பாவுக்கு வெளிப்பை என்று முடிவாகிவிட்டது

அப்பாவுக்குப் புற்றுநோயால் சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டும், அதற்குப் பதில் உள்ளே பை வைப்பதா, வெளியே பை ஒட்டுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வெளிப்பைதான் என்று முடிவாகி, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

அப்பாவுக்கு உள்பை மேல்தான் ஆசை. சட்டைக்குள் எதுவும் துருத்தாது என்பது அவருக்குப் பெரிய விஷயம். ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற்கனவே கூடுதல், அதாவது சிறுநீரகம் பலவீனம். குடலில் செய்த பைக்குள் சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கும்போது குடல் சுவர் கழிவை மறுபடி ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அமிலம் ஏறும். நல்ல சிறுநீரகம் அதைச் சமாளிக்கும், பலவீனமானது திணறும் என்றார் டாக்டர். அதோடு 4 முதல் 6 மணிக்கொரு முறை வயிற்றிலுள்ள சிறு துளை வழியாகக் கத்தீட்டர் (மெல்லிய குழாய்) நுழைத்து உள்பையை வடிக்க வேண்டும். குடல் சுரக்கும் சளி அடைக்காமல் சலைன் (உப்பு நீர்) விட்டுக் கழுவ வேண்டும். அப்பாவுக்குக் கைவிரல்கள் நடுங்கும். சரி, அங்கேயே முடிவாகிவிட்டது. வெளிப்பை முறையில் சிறுநீரை வெளியே கொண்டுவர வைக்கும் சிறுகுடல் துண்டு வெறும் வடிகால்தான், உள்ளே தேக்கமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஸ்டோமா (வயிற்றில் சிறுநீர் வெளிவரும் துளை) வரும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே குறிக்கச் சொல்லுங்கள். அப்பாவை உட்கார, குனிய, நிற்க வைத்து, வேட்டி முடிச்சும் வயிற்று மடிப்பும் படாத இடமாகப் பார்த்துப் பேனாவால் குறித்தார் நர்ஸ். இப்போது பை பாதி நிரம்புவதற்குள் காலி செய்துவிடுகிறோம். இரவில் கட்டிலோரம் பெரிய பை. ஒட்டும் பையைக் காலையில் தண்ணீர் குடிக்கும் முன் மாற்றினால் ஒழுக்கு குறைவு, தோல் காய்ந்திருப்பதால் நன்றாக ஒட்டுகிறது.

சிறுநீரகம் நன்றாக இருந்து, கையும் பழகும் என்பவர்கள் உள்பையைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். அதை நிறையச் செய்து பழகிய சர்ஜனிடம் போங்கள்.