சிறு கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் விசிறியின் இரைச்சலை அடக்குவது எப்படி?

குரல்பதிவு (கேள்வி):

வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான பாடங்களை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வருகிறேன். அதற்காகச் சென்ற ஆண்டு 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிறு கேபினெட்டில் கணினி ஒன்றைக் கட்டமைத்தேன். ரைசன் 7 5700ஜி செயலி, மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, 32 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி ஆகியவை உள்ளன. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. கேபினெட்டுடன் வந்த எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் என்னும் ஒல்லியான அளவிலானது. 500 வாட் என்று அதன்மேல் ஒட்டியிருக்கிறது.

சிக்கல் அதன் 40 மி.மீ. விசிறியில்தான். கணினியை இயக்கிய நொடியிலிருந்தே காதோரம் கொசு பறப்பதுபோல் ஒரு ரீங்காரம் கேட்கிறது. அரை மணி நேரம் காணொளித் தொகுப்பில் ஈடுபட்டால் அது இன்னும் ஓங்குகிறது. இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால், என் குரலே குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. செயலியின் விசிறியை பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிப் பார்த்தேன், ரீங்காரம் மாறவில்லை. பதிவின்போது ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுவதால் கோடையில் அறை 35 பாகை வரை சூடாகும். எஸ்எம்பிஎஸ்-ஐத் திறந்து விசிறியை மட்டும் மாற்றலாமா? அதைவிடப் பெரிய எஸ்எஃப்எக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ் இந்தக் கேபினெட்டில் நுழையாது.

ஈயப்பற்று:

திருகாணியைக் கையில் எடுப்பதற்கு முன், வருவது எந்த ஒலி என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விசிறியின் ஒலி சுமைக்கேற்ப மெதுவாக, நிமிடக்கணக்கில் மாறும். மின்சுற்றிலுள்ள காயில் (கம்பிச்சுருள்) எழுப்பும் கீச்சொலியோ ஒரு பக்கத்தை உருட்டும்போதுகூட உடனுக்குடன் ஏறி இறங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மின்வாரிய மின்சாரத்திலும் இன்வெர்ட்டரிலும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டர்களில் எஸ்எம்பிஎஸ் தனியாக ஒரு முனகலை எழுப்பும். அதற்கு எந்த விசிறியை மாற்றியும் பயனில்லை.

நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் இது விசிறிதான். 7 இதழ்களுள்ள ஒரு விசிறி நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழன்றால், இதழ்கள் காற்றை வெட்டும் ஒலி 840 ஹெர்ட்ஸில் அமையும். மனிதக் குரலின் வலுவான பகுதி ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. ஆகவே மென்பொருள் இரைச்சலை வெட்டும்போது உங்கள் குரலையும் சேர்த்து வெட்டுகிறது. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். சிறு விசிறிகளுக்கு வேகம்தான் வாழ்க்கை என்பதால் அந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை.

வெப்பமானி:

கேள்வியில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. இயக்கிய நொடியிலேயே, பெட்டி குளிர்ந்திருக்கும்போதே ரீங்காரம் கேட்கிறது என்றால், அது அந்த விசிறியின் மிகக் குறைந்த வேகமே அவ்வளவு என்பதைக் காட்டுகிறது. வெப்பத்தை எவ்வளவு குறைத்தாலும் அது அடங்காது. அரை மணி நேரத்துக்குப் பின் ஓங்குவது வெப்பத்தால் வருவது, அதைக் குறைக்கலாம்.

ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் வகையில் விசிறி பொதுவாக மின்கம்பி செருகும் பக்கத்தில் இருந்து காற்றை வெளியே தள்ளும். உள்ளே இழுக்கும் காற்று எதிர்ப்பக்கத் துளைகள் வழியாக, அதாவது கேபினெட்டின் உள்ளிருந்து, செயலி சுடவைத்த பிறகு வருகிறது. போதாக்குறைக்கு வயர்க்கற்றை வெளிவருவதும் அந்தத் துளைகள் இருக்கும் பக்கமே. 4 லிட்டர் கேபினெட்டில் மிஞ்சிய வயர்களைச் சுருட்டித் திணிக்க வேறு இடம் இல்லாததால், பெரும்பாலோர் அங்கேயே திணித்து விசிறியின் மூச்சை அடைத்துவிடுகிறார்கள். முதலில் அதைப் பிரித்து வழிவிடுங்கள். பிறகு பயாஸில் ஈகோ மோடை (செயலி எடுக்கும் மின்சாரத்துக்கு வரம்பிடும் அமைப்பை) 45 வாட்டுக்கு வையுங்கள். இயல்பு நிலையில் இந்தச் செயலி 88 வாட் வரை எடுக்கும். காணொளி முடிய சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஈயப்பற்று:

வெப்பமானி சொன்னதை ஏற்கிறேன். விசிறி மாற்றத்தைப் பற்றிக் கேட்டதால், என் அனுபவத்தையும் சொல்கிறேன். 400 வாட் ஃப்ளெக்ஸ் ஒன்றில் நாக்டுவா நிறுவனத்தின் 40 மி.மீ. நீளஅகலமும் 20 மி.மீ. தடிமனும் கொண்ட, 5000 சுற்று விசிறியைப் பொருத்தினேன். பழைய விசிறி இரண்டு வயர்களை மட்டுமே கொண்டது. வெப்பத்துக்கேற்ப அதற்குச் செல்லும் வோல்ட் மாறும். புது விசிறி அந்தக் குறைந்த வோல்ட்டில் முதல் நாள் சுழலவே மறுத்தது. சோம்பலில் மதர்போர்டிலிருந்து வயர் இழுத்தேன். அது தவறான முடிவு: மதர்போர்டுக்குச் செயலியின் வெப்பம்தான் தெரியும், எஸ்எம்பிஎஸ்-இன் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. இப்போது வேகத்தை ஓர் அளவுக்குக் கீழே இறங்காதபடி பூட்டி வைத்திருக்கிறேன். ரீங்காரம் போய், மெல்லிய காற்றோசை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. காற்று குறைந்ததற்கான விலையும் உண்டு: எஸ்எம்பிஎஸ்-இன் உள்ளிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் (மின்தேக்கிகளின்) ஆயுள், ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும்.

எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாகும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. பிஎஃப்சி (மின்திறன் காரணியைச் சீராக்கும் சுற்று) உள்ளவற்றில் 380 வோல்ட்டுக்கு மேலும் போகும். பெரிய கெப்பாசிட்டர் அதைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேக்கி வைத்திருக்கக்கூடும். மீட்டர் வைத்து அளந்து உறுதிசெய்யும் பழக்கம் இல்லையென்றால் மூடியைத் திறக்க வேண்டாம். தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். மூடியைத் திறந்தால் உத்தரவாதமும் போய்விடும்.

மூன்றாம்முனை:

நண்பர்களே, தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத இந்தக் கணினிக்கு 500 வாட் எதற்கு? முழுச் சுமையிலும் இது 120 வாட்டைத் தாண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவரில் செருகும் ஒரு வாட் மீட்டரில் அளந்துவிட்டால் ஐயம் தீரும். அப்படியானால் பைக்கோபிஎஸ்யு போன்ற டிசி போர்டு (அடாப்டர் தரும் நேர்மின்சாரத்தை மதர்போர்டுக்குத் தேவையான வோல்ட்டுகளாக்கும் சிறு பலகை) ஒன்றை மதர்போர்டின் 24 ஊசி இணைப்பில் நேரடியாகச் செருகிவிட்டு, மின்மாற்றும் வேலையை மேசைக்குக் கீழே கிடக்கும் அடாப்டரிடம் விட்டுவிடலாம். இரண்டிலும் விசிறி கிடையாது.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, 12 வோல்ட் உள்ளீட்டுக்கான போர்டு அந்த 12 வோல்ட்டை அப்படியே கடத்திவிடும் என்பதால், மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரை அதில் செருகவே கூடாது. இரண்டாவது, 120 வாட் என்றால் 10 ஆம்பியர். மலிவான வட்ட ஜாக் அந்த மின்னோட்டத்தில் சூடேறி உருகும், ஆகவே தடித்த ஊசிகள் உள்ள இணைப்பைத் தேடுங்கள். மூன்றாவது உங்களைப் போன்று ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு மிக முக்கியம்: எர்த் உள்ள மூன்று ஊசி அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். எர்த் இல்லாதவற்றில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். அந்தக் கசிவே மைக்கில் முனகலாகவும் நுழையும். மதர்போர்டில் செயலிக்கு 8 ஊசி இணைப்பு இருந்து, டிசி போர்டில் 4 ஊசி மட்டுமே வந்தால் கவலை வேண்டாம். 88 வாட்டுக்கு அது தாராளம்.

வெப்பமானி:

ஒரு சிறு எதிர்வாதம். இப்போது அந்த இரைச்சல்கார விசிறிதான் கேபினெட்டின் வெப்பக் காற்றையும் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் 35 பாகை அறையில் செயலி திணறும். ஃப்ளெக்ஸ் எஸ்எம்பிஎஸ்-இன் அகலம் 81.5 மி.மீ. ஆகையால், காலியாகும் இடத்தில் ஓர் 80 மி.மீ. விசிறியைப் படுக்கவைத்து 1000 சுற்றில் ஓடவிடலாம்.

குரல்பதிவு:

அனைவருக்கும் நன்றி. இன்வெர்ட்டரில் ஒலி மாறவில்லை, ஆகவே விசிறிதான். கேபினெட்டைத் திறந்து பார்த்தபோது வயர்க்கற்றை வெப்பமானி சொன்ன அதே இடத்தில்தான் திணிக்கப்பட்டிருந்தது. அதை விலக்கி, ஈகோ மோடையும் வைத்த பிறகு காணொளித் தொகுப்பின்போது ஒலி ஓங்குவதில்லை. ஆனால் தொடக்க ரீங்காரம் அப்படியே இருக்கிறது. வாட் மீட்டர், ஈகோ மோடு இல்லாமல் முழுச் சுமையில் 112 வாட்டும், பதிவின்போது 31 வாட்டும் காட்டியது. எஸ்எம்பிஎஸ்-ஐத் திறக்கும் துணிவு எனக்கில்லை. டிசி போர்டுக்கே போகிறேன். ஒரு கேள்வி மட்டும்: பழைய எஸ்எம்பிஎஸ் இருந்த பின்பக்கத் திறப்பைத் தகடு வைத்து மூடிவிடலாமா?

மூன்றாம்முனை:

மூட வேண்டாம். அடாப்டர் வயருக்கான ஜாக்கை அங்கே ஒரு சிறு பட்டையில் பொருத்திவிட்டு, மீதியில் பல்லி நுழையாதபடி கம்பிவலை மட்டும் அடியுங்கள். வலையின் கண்கள் பெரிதாக இருக்கட்டும். நெருக்கமான வலையில் 80 மி.மீ. விசிறியும் சீறத் தொடங்கும். அடாப்டரைக் கம்பளத்தின் மேலோ திரைச்சீலைக்கு அடியிலோ வைக்காதீர்கள்.