அமெரிக்கா, ஜப்பான் காப்புரிமைக்கு மொத்தம் எவ்வளவு ஆனது?

வணக்கம் நண்பர்களே. கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு மோட்டாருக்குள் மணல் புகாமல் தடுக்கும் சீல் ஒன்றுக்கு இங்கே விண்ணப்பித்தாயிற்று. தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. சரி, சமாளிக்கலாம்.

பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் பி.சி.டி. ஒப்பந்தம் வழியாகவும் போட்டிருக்கிறேன். அதன் பிறகு அமெரிக்கா, ஜப்பானில் தனித்தனியாக நுழைய வேண்டிய 30 மாதக் கெடு நெருங்குகிறது. கட்டண அட்டவணையைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. ஜப்பானுக்கு, கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு முழுவதும் ஜப்பானிய மொழியில் வேண்டும். உள்ளூர் வழக்கறிஞர் வேண்டும். காப்புரிமை அலுவலகம் எழுப்பும் ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் பதில் எழுதத் தனி பில். அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்த பிறகும் 3.5, 7.5, 11.5 ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம்.

கைக்காசு போட்டு வாங்கியவர்கள் மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர், ஆட்சேப பதில் செலவைத் தனித்தனியாகச் சொல்லுங்களேன். ஒரு நாடுதான் முடியுமென்றால் எதை எடுப்பீர்கள்?