தரை தெரிந்த பிறகு மறுபடி மேலே

மழையில் விமானம் இறங்கிய அனுபவங்களை ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், என்னுடையதையும் சொல்கிறேன். ஐப்பசி மாதம், சென்னையிலிருந்து கோவைக்கு ராத்திரி விமானம். பீளமேட்டை நெருங்கும்போது பேய் மழை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கீழே வழியாமல் பின்பக்கமாகக் கோடு கோடாக ஓடியது. ஊர் விளக்குகள் தெரிந்தன. சக்கரம் இதோ தொடப்போகிறது என்று நினைத்த நேரத்தில் இன்ஜின் உறுமியது, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, விளக்கெல்லாம் மறைந்து மறுபடி மேகத்துக்குள் போய்விட்டோம்.

பக்கத்தில் இருந்த பல்லடத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, என்னாச்சு சாமி?" என்றார். "இறக்கத் தோதுப்படலைங்கம்மா, மேலே ஏத்திட்டாங்க. இது வழக்கந்தானுங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே தொண்டை வறண்டிருந்தது. கொஞ்ச நேரம் வட்டமடித்துவிட்டு கொச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவர், "இத்தனை கிட்ட வந்துட்டு இறக்கத் தெரியாதா?" என்று பணிப்பெண்ணிடம் சண்டைக்கு நின்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஏனென்றால் கோழிக்கோடு விபத்தைப் பற்றி அப்போதே நிறையப் படித்திருந்தேன். 2020 ஆகஸ்ட் 7, கொரோனா காலம். துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். முதல் முயற்சியில் மழைக்கு நடுவே தலைமை விமானியின் பக்கத்து வைப்பர் நின்றுபோக, மேலே ஏறிவிட்டார்கள். அதுவரை சரி. அடுத்து ஓடுபாதையின் எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு இறங்கினார்கள். பின்காற்று தள்ளினால் விமானம் சீக்கிரம் தரையைத் தொடாது, தொட்டாலும் ஈரத்தில் நிற்க அதிக தூரம் வேண்டும். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. துணை விமானி மேலே ஏறச் சொல்லியும் ஏறவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. அது மலை உச்சியை வெட்டிச் சமப்படுத்திய ஓடுபாதை. முனைக்கு அப்பால் பள்ளம். விமானம் துண்டு துண்டாகி, இரண்டு விமானிகளோடு சேர்த்து 21 பேர் போய்விட்டார்கள். தொற்றுப் பயத்தைப் பார்க்காமல் கொண்டோட்டி மக்கள் மழையில் ஓடிவந்து தூக்கியதால்தான் பலர் பிழைத்தார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது.

கிட்ட வந்துவிட்டோம், இறக்கிவிடலாம் என்ற அந்த நினைப்புதான் ஆபத்து. எங்கள் விமானி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நடுராத்திரிக்கு மேல் மழை விட்டதும் கோவையில் பத்திரமாக இறக்கினார். இறங்கும்போது காக்பிட் கதவருகே நின்றிருந்தவரிடம் அந்தப் பல்லடத்து அம்மா, "நல்லா இருப்பே சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பதில்:

எங்கள் மாமா பையனுக்கு இதே கதை தலைகீழாக நடந்ததுங்க. கோழிக்கோட்டில் மழை என்று அவன் வந்த விமானத்தைக் கோவையில் இறக்கினார்கள். வாளையார் வழியாக பஸ்ஸில் அனுப்பினார்கள். அலுப்பில் முதலில் முணுமுணுத்தான். கொண்டோட்டி வழியாகப் போகிறபோது முணுமுணுப்பு நின்றுபோனதாம். வீட்டுக்குப் போனதும் போன் பண்ணி, "அத்தை, வந்து சேந்துட்டேன்" என்றான். எங்கள் அம்மா அதற்கப்புறம்தான் சாப்பிட்டார்.