துணிக்கடையில் மேற்பார்வையாளரின் ஏச்சு: ஐந்தாம் ஆண்டு நிறையும் வரை பொறுப்பதா, இப்போதே விடுவதா?

கேள்வி: மல்லிகைப்பந்தல்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு பெரிய துணிக்கடையின் புடவைப் பிரிவில் விற்பனையாளராக இருக்கிறேன். வரும் கார்த்திகையில் ஐந்து ஆண்டு நிறைகிறது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே விடுவார்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் அதற்கு மேலும் ஆகும். இவையெல்லாம் தெரிந்து சேர்ந்த வேலைதான் என்பதால் அவற்றைப் பற்றி நான் அதிகம் புலம்பியதில்லை.

என்னால் தாங்க முடியாதது எங்கள் தளத்தின் சூப்பர்வைசருடைய வாய். என்னைவிட வயதில் சிறியவர். பட்டுப் புடவையை மடிப்புக் கலையாமல் விரித்துக் காட்டும் முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பதவி உயர்வு வந்த நாளிலிருந்து பெண்கள் எல்லோரையும் "ஏய்", "வா", "போ" என்றே அழைக்கிறார். சென்ற வாரம் உசிலம்பட்டியிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், மேசை நிறையப் புடவைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வேறு கடையிலும் பார்த்து வருகிறோம் என்று எழுந்துவிட்டது. அவர்கள் படியிறங்குவதற்கு முன்பே, "மூஞ்சிய இப்படி வெச்சிக்கிட்டு நின்னா எவன் வாங்குவான்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார். அந்த வீட்டுப் பெரியம்மா திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்ததுதான் ஏச்சைவிட அதிகமாக வலித்தது.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதன் மேல் எப்போதும் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நிமிடம் அமர்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு வாக்கி டாக்கியில் கூப்பிடுவார். காலில் நரம்பு சுருட்டத் தொடங்கியிருக்கிறது. கால் மணி நேரம் தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கணவர் மினி வேன் ஓட்டுகிறார். மகளிர் குழுவில் வாங்கிய கடன் பாக்கி இருப்பதால் திடீரென்று வேலையை விடவும் முடியவில்லை. கடையில் அடக்கிக்கொள்ளும் கோபம் வீட்டில் பிள்ளைகள் மேல் விழுகிறது. இரவு படுத்தால் அவர் சொன்னதும் நான் சொல்லாமல் விட்டதும் மாறி மாறி மனத்தில் ஓடுகின்றன. கார்த்திகை வரை பொறுத்திருப்பதில் ஏதாவது பயன் உண்டா? யாரிடமாவது முறையிட வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: உறையூர்க்காரன்

சகோதரி, நான் திருச்சியில் இதே தொழிலில் தளப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன். உங்கள் சூப்பர்வைசர் செய்வது சரி என்று சொல்ல வரவில்லை. அந்த நாற்காலிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அவரைக் கையாளுவது கொஞ்சம் எளிதாகும் என்பதற்காக எழுதுகிறேன். பெரிய கடைகளில் ஒவ்வொரு தளத்துக்கும் அன்றன்றைக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்ற இலக்கு உண்டு. மாலையில் முதலாளியின் மகனோ பொது மேலாளரோ அந்தக் கணக்கைக் கேட்கும்போது, வாங்காமல் போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். ஆடி முடிந்து தீபாவளி தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில் விற்பனை படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அதைக் காரணமாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எனவே அருகில் நிற்கும் விற்பனையாளரின் முகத்தையே காரணமாக்கிவிடுவார்கள். அவர் கத்தியது உங்களுக்காக மட்டுமல்ல, கேமராவுக்குப் பின்னால் இருப்பவருக்காகவும்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே, வாடிக்கையாளர் முன்னிலையில் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசாதீர்கள். பேசினால் அன்று மாலை அவர் சொல்லப்போகும் காரணத்தை நீங்களே தேடிக் கொடுத்ததாகிவிடும். மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன் சரக்கு அடுக்கும் நேரத்தில் அவர் தனியாக இருக்கும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். "விற்பனை குறைந்தால் என்னிடம் கேளுங்கள், பதில் சொல்கிறேன், வாடிக்கையாளர் முன்னால் மரியாதைக் குறைவாகப் பேசினால் அவர்கள் மறுபடியும் நம் தளத்துக்கு வர மாட்டார்கள்" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். பழைய கணக்கையும், நீங்கள் தொழில் சொல்லிக் கொடுத்ததையும் அப்போது எடுக்கவே எடுக்காதீர்கள். தனக்குக் கற்றுக் கொடுத்தவரைத் தினமும் எதிரில் பார்க்க நேர்வதே சிலருக்குப் பெரிய உறுத்தல். உங்கள் விஷயத்திலும் அது இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. கடைக்குள் கைபேசியை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் வீட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார், எவ்வளவு பிடித்தம் செய்தார்கள் என்பவற்றை அன்றிரவே எழுதிவிடுங்கள். பிறகு முறையிட நேர்ந்தால், எப்போதும் திட்டுகிறார் என்று பொதுவாகச் சொல்வதைவிட, தேதியோடு சொல்லும் நான்கு நிகழ்ச்சிகளுக்கு மதிப்பு அதிகம்.

பதில் 2: ஓய்வூதியன்

தொழிலாளர் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். முதலில் கசப்பான செய்தி: மேலதிகாரி மரியாதையில்லாமல் பேசுகிறார் என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கத் தொழிலாளர் ஆய்வாளருக்கு நேரடியான அதிகாரம் எதுவும் இல்லை. பேச்சு பாலியல் சாயலோடு இருந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடையின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். சாதியைச் சொல்லிப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தியிருந்தால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்கும் நிலையில், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். நீங்கள் எழுதியதில் இவ்விரண்டும் இல்லை. ஆனால் அந்த ஏச்சைக் காட்டி எதையெல்லாம் உங்களைச் சகித்துக்கொள்ள வைத்திருக்கிறார்களோ, அவற்றில் பெரும்பாலானவை சட்டத்துக்குப் புறம்பானவை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உங்களுக்குப் பொருந்தும். அதன்படி நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். இடைவேளையும் உட்பட ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் பரந்திருக்கக் கூடாது என்பதால், ஒன்பதிலிருந்து ஒன்பதரை என்ற உங்கள் கடையின் சாதாரண நாளே வரம்பைத் தாண்டிவிடுகிறது. 2021-இல் இந்தச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர் அமர்வதற்கு ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதே அது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்துவிட்டது. பெட்டி அடுக்கி வைத்த ஸ்டூல் இருக்கை வசதி ஆகாது; உட்கார்ந்தவரை அதட்டி எழுப்புவது அந்தப் பிரிவின் நோக்கத்துக்கே எதிரானது.

பிடித்தம் பற்றி: வராத நேரத்துக்கு ஏற்ற தொகையைத்தான் பிடிக்கலாம். கால் மணி நேரத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் என்பது அபராதம்; அபராதம் என்றால் அதற்கான காரணங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், மொத்தத் தொகையும் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவற்றையெல்லாம் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதலாம்.

கார்த்திகை பற்றிக் கேட்டீர்கள். நிச்சயமாகப் பொறுத்திருங்கள். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் பழைய சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், உங்களைப் போன்ற நிரந்தர ஊழியர்களுக்கு இந்த விதி மாறவில்லை. கணக்கு எளிது: கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஊதியம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுக்கு 37,500 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; ஆனாலும் அதைச் சொல்லிப் பணத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முழு ஐந்தாண்டையும் முடித்துவிட்டால் அந்த வழக்காடல் தேவையில்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த எவரையும் நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ இல்லாமல் நீக்க முடியாது என்று கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நீக்கினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். எனவே இந்தச் சில மாதங்களில் கோபத்தில் "நான் வரல" என்று சொல்லிவிட்டு வெளியேறுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

பதில் 3: தறிநாடா

தோழி, தியாகராய நகரில் ஒரு கடையில் வேலை செய்து, கடை விடுதியிலேயே தங்கியிருந்தவள் நான். தென்காசிப் பக்கத்திலிருந்து என்னோடு வந்த பெண்கள் பலர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். உறையூர்க்காரன் ஐயா சொன்ன தனிப்பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எங்கள் பிரிவில் ஒருத்தி அப்படித்தான் பணிவாகப் போய்ச் சொன்னாள். அடுத்த வாரமே இன்சென்டிவ் கிடைக்காத மேல்மாடிக்கு, உள்ளாடைப் பிரிவுக்கு, மாற்றிவிட்டார்கள். பிறகு பில் கவுண்டர் பெண்கள் உட்படப் பலர் சேர்ந்து மேலாளரிடம் கடிதம் கொடுத்தோம். யாருடைய பேச்சைப் பற்றியும் அதில் ஒரு வரி எழுதவில்லை. ஸ்டூலில் சரக்கு வைக்காமல் இருக்க வேண்டும், மாதவிடாய் நாட்களில் கழிவறைக்குப் போகச் சீட்டுக் கேட்கக் கூடாது என்ற இரண்டை மட்டும் கேட்டோம். இரண்டும் கிடைத்தன. கூட்டமாகக் கேட்டால் யாரை மாற்றுவது என்று அவர்களுக்கே தெரியாது என்பது ஒன்று. கேட்டது செலவில்லாதது என்பது மற்றொன்று. வாய் மட்டும் மாறவில்லை, ஆனால் எங்கள் பக்கம் வரும்போது குரல் சற்றுத் தணிந்தது.

உங்கள் கால் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கும். இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டி, நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்தால் அதன் நகலைக் கடையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வெடுக்கச் சொன்னால், உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் நிலையில், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாக வரும். நம்மில் பாதிப் பேர் மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டே அந்த வாசலை மிதிப்பதில்லை.

இரவில் தூக்கம் வராமல் அதையே நினைத்துக்கொண்டிருப்பது எனக்கும் இருந்தது. கடையிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழையாமல் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்து வருவது, அந்த நடையிலேயே உடன் வேலை செய்பவளிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுவது, வீட்டுக்குள் கடைப் பேச்சை எடுக்காமல் இருப்பது ஆகியவை எனக்கு உதவின. பிள்ளைகளிடம், "அம்மாவுக்குக் கடையில் கோபம், உங்கள் மேல் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குப் புரியும். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவையின் ஆலோசகர்கள் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.

வேலை தேடுவதை இப்போதே தொடங்குங்கள். பொங்கல் வியாபாரத்துக்கும் தை முகூர்த்தங்களுக்கும் மார்கழித் தொடக்கத்திலேயே அனுபவமுள்ள ஆளைத் தேடுவார்கள். பட்டுப் பிரிவு தெரிந்தவருக்கு மதுரையில் வேலைக்குப் பஞ்சமில்லை. சம்பளம் சற்றுக் குறைந்தாலும், முதலாளியே கல்லாவில் உட்காரும் நடுத்தரக் கடைகளில் இடையில் சூப்பர்வைசர் என்ற ஆள் இருப்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. ஓய்வூதியன் ஐயாவிடம் ஒரு சந்தேகம். வேலைக்குச் சேரும்போது எழுதப்படாத வெள்ளைத் தாளில் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சம்பளச் சீட்டும் தருவதில்லை; சம்பளத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, மீதியைக் கையில் தருகிறார்கள். கார்த்திகைக்கு முன் அந்தத் தாளில் ராஜினாமா என்று எழுதிக்கொண்டால் என்ன செய்வது?

ஓய்வூதியன்

அம்மா, இது பல கடைகளில் நடப்பதுதான். நீங்கள் சேர்ந்த நாளையும் தொடர்ந்து வேலை செய்ததையும் காட்டும் சான்றுகளை இப்போதே திரட்டிக்கொள்ளுங்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கின் பாஸ்புக்கை அரசின் உமங் கைபேசிச் செயலியிலிருந்து இறக்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் மாதந்தோறும் பணம் செலுத்தியிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். இஎஸ்ஐ சந்தா விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, கடை அடையாள அட்டையின் இரு பக்கங்களின் படம் ஆகியவையும் வேண்டும். கையில் தரும் பணத்தை உங்கள் நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டே வாருங்கள். பணிக்கொடைக் கணக்கில் பதிவான ஊதியத்தை மட்டும் காட்டுவார்கள் என்பதால் அந்தக் குறிப்பு பயன்படலாம்.

அந்தத் தாளைப் பற்றி இப்போது கடையில் வாய் திறக்க வேண்டாம். ஒரு நாள் வாசலில் நிறுத்தி, நீங்கள் ராஜினாமா செய்துவிட்டீர்கள் என்று சொன்னால், அன்றே "நான் ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதிக் கடை முகவரிக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அதன் நகலோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுதுவதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசமாகவே உதவுவார்கள்.